இருபத்து நான்கு பெயர்கள்

"இன்னொரு தடவை" என்று பத்மநாபன் ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறார். டீச்சர் வேலை பார்க்கும் அவர் மனைவி வசந்தி மறுபடியும் வாசலுக்கு வெளியே போய்க் காலுறையும் ஷூவும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். காலை மணி ஆறு பத்து. கொல்கத்தா பாலிகஞ்சில் ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடி. ஷூவைக் கழற்ற நாற்பத்திரண்டு விநாடி, மாட்ட ஐம்பத்தெட்டு. கோயில் வாசலில் ஒரு வங்காளிப் பெரியவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது இதிலிருந்து தீர்மானமாகிறது. முழங்கால் வலிக்கு இருபது விநாடி கூடுதல். காதோடு சேர்த்து மூடியிருக்கும் மங்கி குல்லாயைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் அதற்கு ஒதுக்கீடு கிடையாது.

"ஏன்னா, எனக்கு ஏழே காலுக்கு ஸ்கூல் பஸ். போறுமா?"

"இருபத்திரண்டு கோவில், வசந்தி. ஒரு கோவிலுக்கு ஒரு நிமிஷம் வீணாப் போனா மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம் போச்சு. கன்யாகுமரில சூரியன் நமக்காகக் காத்துண்டு நிக்குமா?"

வங்காளிகளைத் தமிழ்நாட்டுக்குப் பதின்மூன்று நாள் சுற்றுலா அழைத்துப் போவது பத்மநாபனின் தொழில். 2023 ஏப்ரல் 28-ஆம் தேதி வங்கி வேலைக்கு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்ததிலிருந்து இது இரண்டாவது தொழில். இந்தக் கம்பெனியின் பெயர் இதுவரை நான்கு முறை மாறியிருக்கிறது. பயணிகள்தான் ஒருமுறைகூடக் கிளம்பியதில்லை.

முதல் தொழிலில் அவர் ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தார். சிகிச்சைக்காக வேலூர் போகும் வங்காளிக் குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் பேச்சுத் தமிழ். கற்றுக்கொள்ள ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது, 'இங்கே வலிக்கிறது', 'டாக்டர் எப்போது வருவார்', 'ஆட்டோ எவ்வளவு' என்ற மூன்று வாக்கியங்கள். அஸ்திவாரம் இல்லாமல் கட்டடம் கட்டக்கூடாது என்று பத்மநாபன் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளிலிருந்து தொடங்கினார். அறுபத்தொன்றாவது எழுத்தை அவர் கரும்பலகையில் எழுதிய அன்று, முதல் மாணவரின் மாமனார் அறுவை சிகிச்சை முடிந்து, தேறி, ஹௌராவில் வந்து இறங்கிவிட்டார்.

"ஜனங்களுக்குப் பொறுமை இல்லை" என்று அந்தத் தொழிலை மூடினார்.

வியாபாரிகள் ஏன் இலக்கை அடைவதில்லை என்பதைப் பற்றி அவரிடம் திட்டவட்டமான கருத்துகள் இருக்கின்றன. வியாழக்கிழமைதோறும் மாலை ஆறரைக்கு, புதிதாகத் தொழில் தொடங்குவோருக்காக ஆன்லைனில் அது குறித்து உரையாற்றுகிறார். கட்டணம் இல்லை. கேட்பவர்கள் ஆறு பேர், சில வாரங்களில் நான்கு. "கஸ்டமர் சொல்றதைக் காது குடுத்துக் கேக்கணும். நம்மவா தோத்துப்போறது அங்கேதான்" என்பதை ஒரு வியாழக்கிழமை ஐம்பத்திரண்டு நிமிடம் விளக்கினார். இரண்டு பேர் ஏதோ கேட்கக் கையை உயர்த்தினார்கள். அவர்களுடைய மைக்கை அவரே அணைத்துவைத்திருந்தார்.

சுற்றுலா விஷயத்திலும் கேட்டார், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. முப்பத்தொரு வீடுகளுக்குப் போய் 'என்ன பார்க்க ஆசை?' என்று படிவம் நிரப்பி வாங்கினார். ஊட்டி என்று இருபத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். படிவங்களை அடுக்கி, துளையிட்டு, கோப்பில் போட்டுவிட்டு ஊட்டியைத் திட்டத்திலிருந்து எடுத்தார்.

"ஊட்டில என்ன இருக்கு, குளிர்தானே? டார்ஜீலிங்ல இல்லாத குளிரா? இவா வேணும்னு கேக்கறதைக் குடுக்கறதுக்கு நான் எதுக்கு?"

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. முப்பத்தொரு பேரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். கொல்கத்தாவில் பிறந்து, ஐம்பத்தெட்டு வருஷமாகக் கீழ்வீட்டுக் கடுகெண்ணெய் வாசனையிலேயே கண் விழிக்கிறவருக்கு, வங்காளி எங்கே போனாலும் மத்தியானம் தட்டில் மீனைத் தேடுவார் என்பதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மற்ற சுற்றுலாக் கம்பெனிகள் ஒரு சமையல்காரரையும் கூடவே ரயிலேற்றி அனுப்புகின்றன. பத்மநாபன், "பதிமூணு நாள் தயிர்சாதம் சாப்பிட்டா ஒருத்தரும் செத்துப் போயிட மாட்டா" என்று அந்தக் கேள்வியை அடுத்த பதிப்புப் படிவத்திலிருந்து நீக்கினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் ஒரு முடிவுக்கு வருவதாக இருந்தது. துர்கா பூஜையை அடுத்து வரும் லட்சுமி பூஜைக்கு மறுநாள் புறப்படும் ரயிலில் இடம் பிடித்து வைத்திருந்த ஏஜென்ட், பகல் பன்னிரண்டுக்குள் இருபத்து நான்கு பெயர் வராவிட்டால் வேறு கோஷ்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கையில் ஐந்து பெயர்தான் இருந்தன. பன்னிரண்டைத் தாண்டினால் கம்பெனியை மூடிவிட்டு, திங்கட்கிழமை முதல் அலிப்பூரில் வசந்தியின் தம்பி ஜெயபிரகாஷின் ஆபீசில் போய் உட்காருவதாகப் பத்மநாபன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மைத்துனன் கையால் வருகைப் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுவதைவிட ஹூக்ளியில் குதிப்பது மேல் என்பது அவர் அபிப்பிராயம்.

"இன்னிக்காவது கொஞ்சம் சுருக்கமா பேசுங்கோன்னா" என்றாள் வசந்தி. கம்பெனி மூடினால் அவளுக்கு நஷ்டம் இல்லை. காலையில் ஷூ மாட்டிக் கழற்ற வேண்டாம். ஆனாலும் இவர் ஜெயபிரகாஷ் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நினைத்தால் ஷூவே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"சுருக்கம்தான். நாப்பத்தாறே ஸ்லைடு."

பத்து மணிக்குச் சான்யால் வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தெருக்கோடியில் இருக்கும் கிளப்பின் செயலாளர். அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தில் கிளப் அங்கத்தினர்கள் பத்தொன்பது பேரின் பெயர்கள் இருந்தன. பத்தொன்பதும் ஐந்தும் இருபத்து நான்கு. இந்தக் கூட்டலை வசந்தி காலையிலிருந்து பலமுறை போட்டுப் பார்த்திருந்தாள்.

அவள் வடையும் காப்பியும் வைத்தாள். சான்யால் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு வங்காளத்தில் பேச்சைத் தொடங்கினார்.

"பத்மநாபன் பாபு, எங்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியணும். மாச் உண்டா?"

மாச் என்றால் மீன்.

"அருமையான கேள்வி" என்றார் பத்மநாபன். "அதுக்கு முன்னாடி, திராவிடக் கோயில் கட்டடக் கலைன்னா என்னன்னு பார்த்துடலாம்."

பதினோரு மணிக்குப் பதினான்காம் ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. சான்யால் நடுவில் இரண்டு முறை அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு முறையும் பத்மநாபன் அதைப் பாராட்டினார். பதினொன்றரைக்குச் சான்யால் காலி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழுந்திருக்கப் போகிறவர் செய்கிற காரியம் அது.

வசந்தி சமையலறையிலிருந்து வந்து நேராக அவர் முன்னால் நின்றாள்.

"மாச் ஹோபே, தாதா" என்றாள். மீன் உண்டு, அண்ணா. "தினமும் உண்டு. வங்காளிச் சமையல்காரரே கூட வருவார். கடுகெண்ணெயும் இங்கேருந்தே எடுத்துண்டு போறோம்."

"வசந்தி, நம்ம கொள்கை..."

"கொள்கை நம்ம தட்டுல இருக்கட்டும். அவா தட்டுல மீன் இருக்கட்டும்" என்று தமிழில் அடிக்குரலில் சொல்லிவிட்டு, சான்யாலைப் பார்த்துச் சிரித்தாள்.

சான்யாலும் வாய்விட்டுச் சிரித்தார். "பௌதி, இதை நீங்க பத்து மணிக்கே சொல்லியிருந்தா நான் இதுக்குள்ளே குளிச்சுச் சாப்பிட்டிருப்பேனே!" பௌதி என்பது அண்ணி முறை. வங்காளி ஒருவர் அப்படிக் கூப்பிட்டுவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. அவர் காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் நீவி வைத்தார். பதிவுப் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். மணி பதினொன்று நாற்பத்தொன்று. ஏஜென்டுக்குப் பேச வசந்தி செல்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சான்யால் முதல் கட்டத்தில் தம் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

"ஒரு நிமிஷம், தாதா" என்று பத்மநாபன் அவர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் உண்மையான கரிசனம் இருந்தது. "இன்னும் இருபத்தேழு ஸ்லைடு இருக்கு. முழுக்கப் பார்க்காம ஒருத்தர்கிட்டேயும் நான் கையெழுத்து வாங்கறதில்லை."

"ஏன்னா!" என்றாள் வசந்தி.

அவர் சான்யாலின் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை மெல்ல உருவி எடுத்தார். மூடியைத் தேடி எடுத்து மூடினார். திரையில் ஒன்பது நிலைக் கோபுரம் ஒன்று எழுந்து நின்றது. மூடிய பேனாவின் நுனியால் அதன் கீழ் நிலையைத் தொட்டார்.