ராகு காலத்தில் முடிந்த ரிங் ஆட்டம்

என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்தாள். கம்பெனியில் ரிங் ஆட்டம் என்றால் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீச வேண்டும். எதிரில் இருப்பவர் பிடிக்காமல் விட்டால் நமக்கு ஒரு பாயிண்ட். அத்தை வீசினால் வளையம் எதிராளியின் காலடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அதே நாள் பார்த்து, பெண் பார்க்க வருகிறோம் என்று அரக்கோணத்திலிருந்து காலையில் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம். அம்மா இதை நல்ல சேதியாகத்தான் சொன்னாள். எனக்கும் அப்படியே பட்டது. விடியலில் எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டாமே!

“ஆட்டத்த முடிச்சிட்டு ஓடி வந்துடறேன் அண்ணி” என்று அத்தை கிளம்பினாள்.

“நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்து நிக்கணும்” என்றாள் அம்மா.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். பஜ்ஜியும் ஆறிப்போனது. அத்தையைக் காணோம். கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என்னைக் கம்பெனி மைதானத்துக்கு விரட்டினார்கள்.

அங்கே ஆட்டம் டியூஸில் நின்றது. இருவரும் சமமாக வந்துவிட்டால், அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் எடுப்பவர்தான் ஜெயித்தவர். அத்தை ஒன்று எடுப்பாள். உடனே எதிரில் ஆடிய பேக்கிங் பிரிவு அக்கா ஒன்று எடுப்பாள். மறுபடி சமம். நான்கூடப் பிடித்திருப்பேன், அப்படிப்பட்ட வளையத்தை அத்தை கைநழுவ விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அத்த, அவங்க வந்துட்டாங்க. அம்மா திட்டுது” என்று கத்தினேன்.

“தோ வர்றேன்டா” என்றாள். மறுபடி சமம்.

“இன்னாடி, கையில எண்ணெ தடவிக்கினு வந்தியா?” என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள். விசில் வைத்திருந்த சூப்பர்வைசர், “சீக்கிரம் முடிங்கம்மா, பேஜாரா போச்சு” என்றார்.

கேட்டுக்கு மேலே இருந்த கடிகாரத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய முள் ஆறைத் தொட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அத்த, ராகு காலம் வந்துடுச்சி.”

“நல்லா பாத்தியா?”

“பாத்துட்டேன் அத்த.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு வீச்சு வலது மூலையில் விழுந்தது. அடுத்தது இடது மூலையில். ஆட்டம் முடிந்தது.

பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, அரக்கோணத்துக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். ராகு காலம் முடிகிறவரை காத்திருந்தால் ரயிலை விட்டுவிடுவார்களாம். ஆரம்பமே தடங்கல், இது சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அம்மா அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அப்பா குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், “நல்ல கனமாத்தான் கீது” என்றார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றவள் அத்தைதான்.

நான் அன்று ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஆகாத ராகு காலம், ரிங் ஆட்டத்துக்கு மட்டும் ஆகி வரும்! அதன்பிறகு தினமும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். ராகு காலம் வரும்வரை தோஸ்துகளைக் காக்கவைத்துவிட்டு ஆடினேன். ஆடியதிலெல்லாம் தோற்றேன். ஒருநாள் அத்தையிடமே போய்க் காரணம் கேட்டேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு என் தலையைக் கலைத்துவிட்டு, “அது எனக்கு வந்த நல்ல நேரம்டா” என்றாள்.

ஆளுக்கு ஒரு ராகு காலம் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என்னுடையது எப்போது என்று காலண்டரில் தேடப் போனேன்.