அண்ணாந்து குடித்த ஒயின்

அமெரிக்காவில், லிவர்மோரில் ஒரு குடும்பம் நடத்தும் ஒயின் தோட்டத்தில், ஒயினைச் சுவைத்துப் பார்க்க நிற்கிறோம். கழுவும் தண்ணீரை மிச்சம் பிடிக்க, தம்பதிக்கு ஒரே கிளாஸ்தான் தருகிறார் உரிமையாளர் அம்மாள். ஒயினை எப்படிச் சுவைப்பது என்று ஒரு வாரமாக யூடியூப் பார்த்துத் தயாரான என் கணவர் கிளாஸைச் சுழற்றுகிறார், முகர்கிறார், கண்ணை மூடித் தலையாட்டுகிறார். குடிக்கும்போது மட்டும் பழக்கதோஷம்: எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார்.

அந்த அம்மாள் வாயைப் பிளக்கிறார். "உங்களுக்கும் இதே கிளாஸ்தானே, அதற்காகவா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார்.

"ஆமாம், எங்கள் வீட்டுப் பழக்கம்."

"பிரமாதம்! அப்படியென்றால் கழுவவே வேண்டாமே!"

கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? நம்ம ஸ்டைல்தான்டி சஸ்டெயினபிள்!"

அவருடைய வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து தொப்பைவரை சிவப்பாக வழிந்திருக்கிறது. மிச்சம் பிடித்த தண்ணீர் அதைத் துவைக்கவே போதாது.