வருகிறேன் என்று அமுக்கியவர்கள்

போன சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மாங்கேணிப் பொதுமண்டபத்தில் நூற்றிருபது கதிரைகளைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். கதிரைகள் இருந்தன. ஆட்கள்தான் இல்லை!

பிழை யாருடையது? வேறு யாரிலாவது பழியைப் போடலாமா என்று ஒரு கிழமையாக யோசித்துப் பார்த்தேன்... ஒருவரும் அகப்படவில்லை. என்னுடையதுதான்.

விசயம் இதுதான். எங்கள் மாவட்டத்து நடனக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் தொடங்கியிருக்கிறோம். களுதாவளையில் கூத்தா, வாகரையில் கும்மியா — எந்தக் குழுவும் தன்னுடைய நிகழ்ச்சியைத் தானே அதில் போடலாம். மற்றக் குழுக்கள் அதை எடுத்து நாலு பேருக்கு அனுப்பும். பார்க்கிறவர் கீழே 'வருகிறேன்', 'வரமாட்டேன்' என்ற இரண்டில் ஒன்றை அமுக்கலாம். இதைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே நான் எவ்வளவு பீற்றியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பொறுமைக்கு நன்றி.

அந்தப் பீற்றலை நம்பி வந்தவர் புவனா டீச்சர். மாங்கேணியில் பெண்பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறவர். வீட்டு விறாந்தையில் தொடங்கிய வகுப்பு அது. சுனாமி வீட்டைக் கொண்டுபோனது. பிறகு சண்டை ஊரையே கிளப்பியது. முகாமில் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னாலும் பிள்ளைகளை நிற்கவைத்து அடவு சொல்லிக்கொடுத்தவர். இப்போது ஊர் திரும்பி, சனிக்கிழமைகளில் பொதுமண்டபத்தில் வகுப்பு.

அதே சனிக்கிழமையைத் தையல் வகுப்பும் கேட்கிறது. மண்டபத்துக்குப் பொறுப்பான கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் தவராசா அண்ணர் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்.

"தைக்கப் பழகினா ஒரு தொழில். ஆட்டத்தால ஊருக்கு என்ன வரப்போகுது? ஒரு நிகழ்ச்சி வைங்க டீச்சர். ஊர்ச்சனம் வந்து பாத்தா மண்டபம் உங்களுக்கு. வரல்லயெண்டா மறுகா என்னோட கோவிக்கப்படாது."

டீச்சருக்கு வேறு இடம் கிடையாது. மண்டபம் போனால் வகுப்பும் போச்சு.

"வீடு வீடாப் போய்ச் சொல்லவேணும் சேர். புள்ளையளப் பழக்கவேணும், உடுப்புப் பாக்கவேணும்... ஒத்த ஆளா எப்பிடிச் செய்யிற?" என்று கேட்டார்.

"நீங்க ஆட்டத்தப் பாருங்க டீச்சர். ஊரைக் கூட்டுறது என்ர பொறுப்பு. ஒரு வாசல்படி ஏறத் தேவையில்ல!"

என் வாய் இருக்கிறதே... அதற்கு ஒரு பூட்டுப் போடவேண்டும்.

பட்டியலில் போட்டேன். மூன்றே நாளில் 'வருகிறேன்' நூறைத் தாண்டியது. உடனே வாழைச்சேனைக்கு ஃபோன் எடுத்துக் வாடகைக் கதிரைக்குச் சொன்னேன். அமுக்கியவர்கள் யார் எவர் என்று பார்த்தேனா? அதுதான் இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் — டொரொண்டோ, லண்டன், சூரிச், கட்டார்!

எங்கள் சனம் நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்று சொல்லுமா? கலியாணத்துக்குச் சொல்லப் போனால், கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறவர்கூட "ஓம் ஓம், வாறம்" என்றுதானே சொல்லுவார்? மறுத்துச் சொல்வது அபசகுனம். கனடாப் பனிக்குள் போய் இருந்தாலும் அந்தப் பழக்கம் விடுமா? விடவில்லை. ஆசையோடு அமுக்கிவிட்டார்கள்.

மண்டபத்துக்கு வருவோம். நாலு மணிக்குத் தொடங்கவேண்டிய நிகழ்ச்சி, இப்போது நாலே கால். பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார் மட்டும் முன்வரிசையில். டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர், "உங்கட மணிக்கூடு சரியா ஓடுதா சேர்?" என்று மட்டும் மூன்று தரம் கேட்டார்.

தாங்கமுடியாமல் தவராசா அண்ணரின் வீட்டுக்கு ஓடினேன். மண்டபத்துக்கு அடுத்த வளவு. மனிதர் வெறும் மேலோடு முற்றத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வரல்லயா?"

"எனக்கு ஆரு சொன்ன?"

"நீங்கதானே நிகழ்ச்சி வைக்கச் சொன்ன?"

"வைக்கச் சொன்னன். வாங்கண்ணே எண்டு என்னை ஒருத்தரும் கூப்பிடல்லையே! கட்டாரிலயிருந்து மகன் கோல் எடுக்கிறான், 'அப்பா, நம்மட மண்டபத்தில டான்சாம், நான் வாறனெண்டு போட்டிருக்கன்' எண்டு. கட்டாருக்குச் சொல்லியிருக்கு. வேலிக்கு இங்கால இருக்கிற எனக்குச் சொல்லல்ல. சொல்லாத இடத்துக்கு எப்பிடிப் போற?"

அவருக்குப் பின்னால், கதிரையின் முதுகில் தேய்த்த சேட்டு ஒன்று தொங்கியது. பாவம், மனிதர் மத்தியானத்திலிருந்து காத்திருக்கிறார்!

திரும்பிப் போய், ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று டீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். அழப்போகிறார் என்று பயந்தேன். அவர் இரண்டு தரம் கையைத் தட்டினார்.

"புள்ளையள், எல்லாரும் வெளியில வாங்க. சேர், நீங்க இதப் புடிங்க."

வெற்றிலைத் தட்டு. பூசைக்கு வைத்திருந்தது.

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முழு ஒப்பனையும் தலை நிறையப் பூவுமாக, பதினான்கு பிள்ளைகள் மணல் ஒழுங்கையில் வரிசையாக நடக்கிறார்கள். இருபத்தெட்டுக் கால்களிலும் சலங்கை. தவராசா அண்ணரின் வாசலில் தொடங்கி, வாசலுக்கு வாசல் நின்று, "மாமா, மாமி, எங்கட ஆட்டம் பாக்க வாங்க. கட்டாயம் வரவேணும்!" வால்போல நான், தட்டோடு. ஒரு வாசல்படியும் விடாமல் ஏறினேன். வேர்த்து வழிந்தது.

ஒரு வளவில் வலை திருத்திக்கொண்டிருந்தவர் எழுந்து, சாரத்தில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்தார்.

"நிவாரணத்துக்குக் கூப்பிட்டாங்க. பதியக் கூப்பிட்டாங்க. கூட்டம் எண்டு கூப்பிட்டாங்க... எல்லாம் லைன்ல நிக்கத்தான். நல்ல காரியத்துக்கு வாசல்ல வந்து கூப்பிட்டு எத்தின வருசம்! இரு புள்ள, சேட்டப் போட்டுட்டு வாறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, பொய் ஏன் சொல்ல? அறிவித்தல் என்றாலே வரிசையில் நிற்பது என்று பழகிப்போன ஊருக்கு நான் இன்னுமொரு அறிவித்தல் போட்டிருக்கிறேன். அதுவும் கொம்ப்யூட்டரில்!

ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் தொடங்கியது. யாருக்குக் கவலை? கதிரை போதாமல் கதவடியிலும் யன்னலடியிலும் சனம். கும்மியின் நடுவில் ஒரு சின்னவளின் சலங்கை அறுந்து உருண்டது. அவள் அதைப் பார்க்கவேயில்லை, ஆடிக்கொண்டே இருந்தாள். அதற்கு விழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

முடிவில் தவராசா அண்ணர் மைக்கைப் பிடித்தார். "இனிச் சனிக்கிழமை மண்டபம் டான்சுக்குத்தான். தையல் வகுப்ப ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தியாச்சு!"

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே, "தையல் டீச்சரிட்டச் சொல்லிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார்.

"அதென்ன... நோட்டீஸ் போர்டில ஒட்டிவிட்டாப் பாத்துக்கொள்ளுவாதானே?"

ஊர்ச்சனம் மொத்தமும் தலைவரையே பார்த்தது. மனிதர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு, தையல் டீச்சரின் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.