சுவரில் இரண்டு தட்டு

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவருக்குத் தொழில். தெருவுக்கே அவர் எடிட்டர். முன்னறையில் மெல்லிய பலகைச் சுவரை ஒட்டி அவருடைய கம்ப்யூட்டர். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் கட்டில். அக்கா நர்ஸ். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு, ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்து விழுவாள்.

தம்பிக்கோ பகலில்தான் வேலை. வெட்டி முடித்ததை முழுப் படமாக மாற்றும்போது பிராசசர் கொதிக்கும். அதைக் குளிரவைக்க அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஃபேன், அந்தக் கூலர், மிக்சி மாதிரி அலறும்.

"டேய், விமானத்தக் கீழ எறக்குடா!"

ஆரம்பத்தில் வாயால் சொன்னாள். பிறகு சுவரில் இரண்டு தட்டு மட்டும். அவர் ஃபேன் வேகத்தைக் குறைப்பார். சூடு ஏறியதும் பிராசசர் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு ஊர்ந்து போகும். காலையில் முடிய வேண்டிய வேலை சாயங்காலம் வரை இழுக்கும். அவள் தூங்கினால் சரி என்று விட்டுவிடுவார்.

அன்றும் தட்டினாள். கொஞ்சம் மெதுவான தட்டு. அவர் ஃபேனைக் குறைத்தார். மறுபடி தட்டவில்லை, தூங்கிவிட்டாள் போல. சாயங்காலம் மனைவி டீயோடு எழுப்பப் போனபோது அக்காவின் கை சுவரோரம் கிடந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

அந்தத் தட்டைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஃபேனையும் அதற்குப் பிறகு ஏற்றவில்லை.

அடுத்த கோடையில் மெஷின் பாதி வேலையில் தானாக அணையத் தொடங்கியது. ரிப்பேர்காரர் வந்து தூசியை ஊதினார், பிராசசர்மேல் சூடு கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினார், கடைசியில் செட்டிங்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன சார், ஃபேனோட கழுத்தப் பிடிச்சு வச்சிருக்கீங்க? அது எப்படி மூச்சு விடும்?"

"வேகமா சுத்தினா சத்தம் கேக்குமே."

"யாருக்கு?"

எடிட்டர் ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாளும் படம் பாதியில் நின்றது. இன்றைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று பெண் வீட்டார் போனிலேயே சொல்லிவிட்டார்கள். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, ஃபேன ஏத்தினா என்ன? அண்ணியா எழுந்து வந்து திட்டப் போறாங்க?"

"சத்தத்துல சுவத்துல தட்டினா கேக்காது."

"யாரு தட்டப் போறா?"

"அன்னிக்கு அவ தட்டினா. நான் ஃபேனக் கொறச்சேன்."

 மனைவி கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் இங்கதான் இருக்கேன். நீங்க வேலையப் பாருங்க."

ஃபேனை முழு வேகத்துக்கு ஏற்றினார். கூலர் அலறியது. திரையில் சூடு மளமளவென்று இறங்கியது; நின்ற படம் ஓடத் தொடங்கியது. அப்பாடா என்று சாய்ந்தார்.

அத்தனை இரைச்சலிலும் கேட்டது. இரண்டு தட்டு. மெதுவாக.

பழக்கத்தில் கை மௌசுக்குப் போனது. சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஓடினார்.

மனைவி கட்டிலின் இந்த ஓரத்தில், சுவருக்கு எட்டாத தூரத்தில், மடியில் பாதி மடித்த போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"கூப்பிட்டியா?"

"இல்லையே."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். துணிகளை நகர்த்தி இடம் விட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கூலர் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்க அவர் போகவில்லை.