மடை திறந்த நாள்

விலங்கியல் நடத்துகிற வாத்தியாருக்கு ரோட்டு விவகாரம் எதற்கு என்று கல்லூரியில் துறைத்தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் புதுச் சாலை சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தின் நடுவே போவதாக இருந்தது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் என் அக்கா பயிர் வைத்தாள். அத்தான் போனபிறகு அவளுக்கு அந்த வயலை விட்டால் வேறு வருமானம் கிடையாது.

அரசு அறிக்கை அதைப் 'பயன்பாட்டில் இல்லாத குளம்' என்றது. படித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்குள்ள பறவை, மீன் பற்றி நான் சேர்த்திருந்த ஆய்வை மனுவோடு கொடுத்து, நேரில் வந்து பாருங்கள் என்று அலையாய் அலைந்தேன். கடைசியில் பங்குனியில் ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.

அவர் வரும் தேதியைக் கேட்டதும் ஊருக்கு ஓடினேன். கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்ததும் மடையைத் திறந்து குளத்தை வற்றவிட்டு, ஊரே இறங்கி மீன் பிடிப்பது எங்கள் வழக்கம். அதுவும் அதே நாள்தான். வற்றிய குளத்தைப் பார்த்தால் அறிக்கை சரி என்று நினைத்துவிடுவார், மீன்பிடிப்பைத் தள்ளிவையுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் கெஞ்சினேன். மடையைத் திறந்தாகிவிட்டது, இனி நிறுத்தினால் மீன் செத்து நாறும் என்றார்கள்.

"சும்ம வெப்ராளப்படாதலே. வாறவருக்குக் கண்ணு இருக்கும்லா?" என்றாள் அக்கா. வயல் அவளுடையது, பதற்றம் என்னுடையது.

ஜீப்பில் வந்த அதிகாரி கரையேறி நின்றார். கீழே தண்ணீர் இல்லை, சேறுதான். சேறு முழுக்க ஆட்கள். விராலைக் கைநழுவ விட்டவனைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். கொக்குகள் ஆளுக்குப் பயப்படாமல் கூடவே நடந்தன. நான் தயாரித்து வைத்திருந்த விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இதைத்தான் பயன்பாட்டில் இல்லைன்னு எழுதியிருக்காங்களா?" என்றார்.

முழங்கால்வரை சேறோடு அக்கா மேலே வந்தாள். "இது காஞ்ச குளம் இல்ல சார், நாங்க வத்த வச்சது. வைகாசில அணையில இருந்து தண்ணி விட்டுருவாவ. மூடிட்டா நான் எங்க போய் நட?"

அவர் என் பக்கம் திரும்பி, ஆய்வுக் காகிதங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து, சாலையைக் குளத்துக்கு வெளியே மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. ஆசிரியர் அறையிலேயே அழுதுவிட்டேன். போனில் சொன்னதும் அக்கா, "செரி மக்கா, ராத்திரி சாப்பிட வா" என்று வைத்துவிட்டாள்.

இப்போது குளத்துப் பக்கம் வந்ததும் பஸ் சட்டென்று வளையும். நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ரோடு போட்டவனைத் திட்டுவார்கள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாய்வேன். ஜன்னலுக்கு வெளியே அக்காவின் வயல் வந்து போகும்.