பெரம்பலூரில் மூன்றாவது மாடி வரை

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் இழுத்தடித்த பதிவு இது. போன ஞாயிறு பெரம்பலூர் போனது எல்லோரும் பார்க்கப் போகும் அந்தக் கல்லாகிப்போன மரத்துக்காக அல்ல. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கும் ஒரு கான்கிரீட் கட்டடத்தைப் பார்க்க. எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. வீட்டில் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அரியலூர் வரை ரயில். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் முப்பது கிலோமீட்டர். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது.

கட்டடம் ஏமாற்றவில்லை. கீழே உரக்கடையும் செல்போன் கடையும், முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரி, அடுத்து லாட்ஜ், மூன்றாவதில் வீடுகள். வெயிலை மறைக்க நெட்டுக்குத்தான சிமென்ட் பட்டைகள், காற்றுக்கு ஓட்டை ஓட்டையான சிமென்ட் ஜாலி. வேறு அலங்காரமே கிடையாது. படம் எடுத்துக்கொண்டே மேலே ஏறினேன்.

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியில் நின்றவர், "வாங்க வாங்க, உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்று உள்ளே அழைத்துப் போனார். கேசரி, பஜ்ஜி, ஃபேனுக்கு நேராக நாற்காலி. என் வலைப்பதிவைப் படிக்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அறை அறையாகக் காட்டினார். நானும் பெரிய இன்ஜினியர் மாதிரி சுவரைத் தட்டினேன். சமையலறையில் தொங்கிய காலண்டரை விலக்கிப் பார்த்து, ஈரம் இறங்குகிறது, உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும், இங்கே குடியிருப்பதையே யோசிக்க வேண்டும் என்றேன். அதைப் படமும் எடுத்தேன். கதவோரம் பட்டுப்புடவையில் நின்ற அவர் மகள் உள்ளே போய்விட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மழைக்குள்ள சரி பண்ணிடுறோங்க. செவுத்த வச்சு எங்க பொண்ண வேணாம்னு சொல்லிடாதீங்க."

அப்போதுதான் உறைத்தது. பெண் பார்க்க வருவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரைத் தனியாக அனுப்பி வீட்டைப் பார்த்து வரச் சொல்வார்கள். இவர்கள் முகம் தெரியாத அந்த மனிதருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் யாரென்று சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவரோ, "நாங்கதான் யாருன்னு கேக்காம வுட்டுட்டோம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மகள் மட்டும் வாசல்வரை வந்தாள். "அந்தச் செவுரு படத்த அழிச்சிடுங்க சார்."

அவள் முன்னாலேயே அழித்தேன்.

போகிறவர்களுக்கு: காலை வெளிச்சம் படத்துக்கு நல்லது. ஞாயிறு பாதிக் கடைகள் மூடியிருக்கும். லாட்ஜுக்கு மேலே ஏறாதீர்கள், அது மற்றவர்கள் குடியிருக்கும் இடம். இன்னொன்று. அந்த ஈரம் ஆபத்தானது இல்லை. மொட்டைமாடியில் ஒரு பூச்சு பூசினால் நின்றுவிடும். அது எனக்கு அப்போதே தெரியும். கம்பி, துரு என்றதெல்லாம் என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளத்தான். உங்களிடம் சொல்லும் இதை அவர்களிடம் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன்.