கட்டைவிரலில் நீல மை

தெருவில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர். முழங்கால் உடைந்து வேலை போனதும் வீட்டுக் கடன் தவணை ஐந்து மாதம் நின்றுவிட்டது. வீடு அவருடைய அப்பாவின் பெயரில். பெரியவர் வாதம் வந்து, பேச்சும் போய், படுக்கையில் கிடக்கிறார். அவரைத் துடைத்து, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கத்தான் நான் தினமும் போகிறேன்.

இருட்டு லிஃப்ட் குழிக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கியவர், பாங்க் உறையைப் பிரிக்கப் பயந்தார். வந்த கடிதங்களைப் பிரிக்காமலே ஃபிரிட்ஜின் மேல் அடுக்கினார். அவற்றின் மேல் பூனை தூங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவரின் கையைத் துடைத்தபோது கட்டைவிரலில் நீல மை. சோப்புக்கும் போகவில்லை.

“என்ன தம்பி இது?”

“கடன்ல இருக்கிறவங்களுக்கு உதவி பண்றவராம், நேத்து வந்தாரு அக்கா. பாங்க்கிட்ட அவரே பேசிக்குவாராம். அப்பா கைநாட்டு மட்டும் வாங்கிக்கிட்டாரு.”

“எத்தனை தாள்ல?”

“ஏழெட்டு இருக்கும். பாங்க்லேர்ந்து போன் வந்தா எடுக்காதீங்கன்னாரு. பைசா வாங்கலக்கா.”

“சோறு போடாம நாய்கூட வாசல்ல படுக்காது. அவன் மட்டும் சும்மா வந்தானா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பூனையை இறக்கிவிட்டு உறைகளைப் பிரித்தேன். மூன்றாவதில் இருந்தது: வேலை இழந்தவர்கள் மருத்துவச் சான்றோடு நேரில் வந்தால் தவணையை ஒரு வருடம் தள்ளிவைப்பார்கள், கட்டணம் கிடையாது. வெள்ளிக்கிழமை வரை அவகாசம்.

கைநாட்டு வாங்கிய தாளில் ஒன்றை மட்டும் அவர் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். பெரிதாக்கிப் படித்தேன். வீட்டை விற்கவும் அதன் பணத்தைப் பெறவும் அந்த உதவிக்காரருக்கு முழு அதிகாரம் என்று இருந்தது. அவரும் படித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உக்காராத. வண்டி பிடிச்சு முதல்ல பத்திர ஆபீஸுக்குப் போ. ஏமாத்தி வாங்கின கைநாட்டுன்னு எழுதிக் குடு. அங்கேர்ந்து பாங்க். கால்வலிய சாயங்காலம் பாத்துக்கலாம்.”

அவர் போய் அரைமணி இருக்கும். பெரியவரை இடப்பக்கம் புரட்டும்போது வெளியே யாரோ எண்களைச் சொல்வது கேட்டது. ஜன்னலில் பார்த்தேன். இரண்டு பேர் சுவரோரம் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“லிஃப்ட்காரர் இல்லையாம்மா? பரவாயில்ல, நீங்க உங்க வேலையப் பாருங்க. எங்ககிட்ட சாவி இருக்கு, நேத்து கைநாட்டு வாங்கினப்பவே எடுத்துக்கிட்டது.”

ஓடிப்போய் உள்தாழ்ப்பாளைப் போட்டேன். கை எடுப்பதற்குள் பூட்டில் சாவி திரும்பியது.